ஏழு கட்டைகளின் பயணம்

எலெக்ட்ரோனிகா 60 என்ற சோவியத் கணினியில் படம் வரைய முடியாது. எழுத்து, எண், நிறுத்தக்குறி, இவ்வளவுதான் அதன் திரையில் தெரியும். நிறமும் இல்லை. 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில், அந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்து பேச்சொலியை அடையாளம் காணும் நிரல்களை எழுதிக்கொண்டிருந்தார் அலெக்ஸேய் பஜித்னோவ். வயது 29. சின்ன வயதிலிருந்தே புதிர் என்றால் உயிர். அதிலும் பென்டோமினோ மீது தனிப் பிரியம். ஐந்தைந்து சதுரங்களை ஒட்டினாற்போன்ற பன்னிரண்டு துண்டுகளை ஒரு பெட்டிக்குள் இடைவெளி விழாமல் அடுக்கும் புதிர் அது.

அதைக் கணினிக்குள் கொண்டுவரப் பார்த்தார். ஓடுகிற ஆட்டத்தில் பன்னிரண்டு வடிவங்களையும் நினைவில் வைத்துக்கொள்வது கடினம். ஐந்து சதுரங்களை நான்காகக் குறைத்தார். வடிவங்கள் ஏழாகக் குறைந்தன. சதுரம் வரைய முடியாத திரையில் இரண்டு அடைப்புக்குறிகளை எதிரெதிரே வைத்து அதையே சதுரமாக்கினார். கட்டைகள் மேலிருந்து ஒவ்வொன்றாக விழும். ஆடுபவர் அவற்றைத் திருப்பலாம், நகர்த்தலாம். ஆனால் சில நொடிகளிலேயே திரை நிரம்பி ஆட்டம் முடிந்துவிட்டது. முழுதாக நிரம்பிய வரிசையால் இனி யாருக்கும் பயனில்லை, அது ஏன் அங்கே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தபோதுதான் டெட்ரிஸ் பிறந்தது. நிரம்பிய வரிசையை அழித்துவிட்டார். மேலே உள்ளவை கீழே இறங்கின. ஆட்டத்துக்கு முடிவே இல்லாமல் போயிற்று.

நிரலைச் சோதிக்கிறேன் என்ற பெயரில் தானே மணிக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்ததாகப் பஜித்னோவ் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அறைக்குள் வந்தவர்களும் அப்படியே ஆனார்கள். ஆனால் எலெக்ட்ரோனிகா 60 எல்லோரிடமும் இருக்கும் இயந்திரம் அல்ல. வதீம் கெராசிமோவ் என்ற பதினாறு வயதுப் பள்ளி மாணவர், கணினிகளோடு பழகுவதற்காக அந்த மையத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். அவரும் திமித்ரி பாவ்லோவ்ஸ்கி என்ற சக பொறியாளரும் கைகொடுக்க, ஆட்டம் ஐபிஎம் பிசிக்கு மாறியது. நிறம் வந்தது, ஃப்ளாப்பியும் கிடைத்தது. அதன்பின் யாரும் விளம்பரம் செய்யத் தேவைப்படவில்லை. ஒருவர் நண்பருக்கு நகல் எடுத்துக் கொடுத்தார், நண்பர் அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். பஜித்னோவின் நண்பரும் உளவியலாளருமான விளாதிமிர் பொகில்கோ தான் வேலை பார்த்த மருத்துவ நிறுவனத்துக்குள் அதைக் கொண்டுபோனார். அங்கே வேலை நின்றுபோனதால் கணினிகளிலிருந்து அழிக்க வேண்டியதாயிற்று.

காசு எதுவும் கைமாறவில்லை. தனிமனிதர் மென்பொருளை விற்கும் வழி சோவியத் நாட்டில் இல்லை. பஜித்னோவ் தன் உரிமையைப் பத்தாண்டுகளுக்கு அரசிடம் ஒப்படைத்தார். உலகத்திலேயே அதிகம் விற்ற ஆட்டங்களில் ஒன்றை எழுதியவருக்கு அந்தப் பத்தாண்டுகளில் ராயல்டி என்று எதுவும் வரவில்லை. இந்தக் கதையில் எனக்கு மனம் ஆறாத இடம் இது.

ஃப்ளாப்பி 1986இல் புடாபெஸ்ட் போய்ச் சேர்ந்தது. ஹங்கேரியில் பிறந்து லண்டனில் தொழில் செய்த ராபர்ட் ஸ்டைன் அங்கே ஒரு கணினியில் அதைப் பார்த்தார். மாஸ்கோவுக்கு டெலெக்ஸ் அனுப்பினார். விருப்பம் உண்டு என்ற பொருளில் பஜித்னோவ் அனுப்பிய பதிலையே ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டு, கையில் உரிமை வருமுன்பே மேலைநாட்டு நிறுவனங்களுக்கு விற்றுவிட்டார். அவர்கள் வேறு சிலருக்கு விற்க, அவர்களும் மற்றவர்களுக்கு விற்றார்கள். 1988க்குள் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பல பெட்டிகளில் டெட்ரிஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எது சட்டப்படியானது என்று யாருக்கும் விளங்கவில்லை.

அந்த ஆண்டு ஜனவரியில் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் ஹென்க் ரோஜர்ஸ் என்பவர் அதன் முன் நின்றார். நெதர்லாந்தில் பிறந்தவர், ஜப்பானில் ஆட்டங்களை வெளியிட்டுக்கொண்டிருந்தவர். விற்பனைக்கு வந்த ஆட்டங்களை எடைபோடுவதே அங்கே அவர் வேலை. ஒவ்வொன்றின் முன்னும் ஓரிரு நிமிடம் நின்றுவிட்டு நகர்வார். டெட்ரிஸ் வரிசையில் மட்டும் மறுபடி மறுபடி போய் நின்றார். அதே சமயத்தில் நின்டெண்டோ, கேம் பாய் என்ற கையடக்கப் பெட்டியை உருவாக்கிக்கொண்டிருந்தது. அமெரிக்க நின்டெண்டோவின் தலைவர் மினோரு அரகாவாவிடம் ரோஜர்ஸ் சொன்னது இதுதான்: சிறுவர்கள் மட்டும் வாங்கினால் போதும் என்றால் பெட்டியோடு மாரியோவைக் கொடுங்கள், எல்லோரும் வாங்க வேண்டும் என்றால் டெட்ரிஸைக் கொடுங்கள்.

கையடக்க உரிமை மாஸ்கோவில் இருந்தது. 1989 பிப்ரவரியில் சுற்றுலா விசாவில் ரோஜர்ஸ் அங்கே போய் இறங்கினார். மென்பொருள் ஏற்றுமதியைக் கவனித்த எலோர்க் என்ற அரசு அமைப்பின் வாசலில், எந்த அழைப்பும் இல்லாமல் போய் நின்றார். சுற்றுலாப் பயணி அரசு அலுவலகத்துக்குள் பேரம் பேச நுழைவது அன்றைய சோவியத்தில் விபரீதமான காரியம். ஜப்பானில் தான் விற்றுக்கொண்டிருந்த டெட்ரிஸ் கேட்ரிட்ஜைப் பெருமையாக எடுத்து மேசைமேல் வைத்தார். எலோர்க் அதிகாரி நிகொலாய் பெலிகோவ் அதிர்ந்துபோனார். தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் பெட்டிகளுக்கான உரிமையை நாங்கள் யாருக்குமே கொடுக்கவில்லையே என்றார். தான் கொடுத்த பணம் உரிமையில்லாதவர்களுக்குப் போயிருக்கிறது என்பது ரோஜர்ஸுக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. அவர் மழுப்பவில்லை. விற்றவற்றுக்கு உரிய தொகையை எலோர்க்குக்கே காசோலையாக எழுதிக் கொடுத்தார். அந்த அறையில் பஜித்னோவும் இருந்தார். இருவரும் ஆட்டம் எழுதுகிறவர்கள். அன்று தொடங்கிய நட்பு இன்றுவரை நீடிக்கிறது.

அதே வாரம் ஸ்டைனும் மாஸ்கோவில் இருந்தார், ஸ்டைனிடம் உரிமை வாங்கிய பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல்லின் மகன் கெவினும் இருந்தார். பெலிகோவ் மூவரையும் தனித்தனி அறைகளில் சந்தித்தார். ஸ்டைனின் ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம் சேர்த்தார்: கணினி என்றால் விசைப்பலகை, திரை, வட்டு இயக்கி எல்லாம் உள்ள இயந்திரம். தாமதக் கட்டணம் பற்றிய பிரிவிலேயே கண்ணாக இருந்த ஸ்டைன் இந்த வரியின் கனத்தை உணராமல் கையெழுத்திட்டார். அந்த ஒரு வரியில், தொலைக்காட்சியில் இணைக்கும் ஆட்டப் பெட்டிகளுக்கான உரிமை ஸ்டைன் கையைவிட்டுப் போய், பின்பு நின்டெண்டோவுக்கு வந்தது. போட்டி நிறுவனம் ஒன்று தயாரித்து வைத்திருந்த கேட்ரிட்ஜுகளை அதே ஆண்டு அமெரிக்க நீதிமன்றம் தடுத்தது. அவை கிடங்கில் முடங்கின.

அமெரிக்காவில் கேம் பாய் 1989 ஜூலை இறுதியில் வெளிவந்தது. பெட்டிக்குள்ளேயே டெட்ரிஸ் இருந்தது. பின்னணியில் ஓடிய இசை, நெக்ராசோவின் 1861ஆம் ஆண்டுக் கவிதையிலிருந்து வளர்ந்த ரஷ்ய நாட்டுப்பாட்டு. ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பிரதிகள் விற்றன. ரயிலில் அலுவலகம் போகிறவர்கள், மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்பவர்கள், அதுவரை வீடியோ கேம் பக்கமே வராத தாத்தா பாட்டிகள் என எல்லோர் கையிலும் அது போய் உட்கார்ந்தது. 1993இல் விண்வெளி வீரர் அலெக்சாண்டர் செரெப்ரோவ் தன் கேம் பாயை மீர் நிலையத்துக்கு எடுத்துப்போனார். 196 நாள் அங்கே இருந்து மூவாயிரம் தடவைக்கும் மேல் பூமியைச் சுற்றிவந்தது அந்தப் பெட்டி.

நம் ஊருக்கு அது வந்த வழி வேறு. தொண்ணூறுகளில் நின்டெண்டோ பெட்டியைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. 'பிரிக் கேம்' என்ற பெயரில் ஒரு மலிவான சீனத் தயாரிப்பு வந்தது. முகப்பில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். பர்மா பஜாரிலும் பொருட்காட்சிக் கடைகளிலும் கிடைத்தது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பாக்களின் பெட்டியிலும் வந்தது. இரண்டு பென்சில் பேட்டரி, பத்துக்கு இருபது கட்டத்தில் கறுப்புச் சதுரங்கள், வலதுபுறம் திருப்பும் பெரிய பொத்தான். கார் ரேஸ், டாங்கி, பாம்பு எல்லாம் அதில் உண்டு. வீட்டில் பெரியவர்கள் கைக்குப் போனதும் ஓடியது கட்டை ஆட்டம்தான். பஜித்னோவ் என்ற பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. மாஸ்கோவில் நண்பருக்கு நண்பர் நகல் எடுத்துப் பரப்பிய அந்த ஆட்டம், உரிமம் இல்லாத ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் எங்கள் தெருவுக்கு வந்திருந்தது.

இத்தனை எல்லைகளை அது கடந்ததற்குக் காரணம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதில் சொல் இல்லை, கதை இல்லை, எதிரி இல்லை. பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்தால் போதும், யாரும் கற்றுக்கொள்ளலாம். கொஞ்சம் தேறியவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பத்து பத்திகளில் ஒன்பதை நெருக்கமாக அடுக்கிக்கொண்டு, ஓரத்துப் பத்தியைக் காலியாக விடுகிறார். நான்கு வரிசைகளிலும் அந்த ஒரே ஓட்டைதான் மிச்சம். அதற்குள் இறங்க நீளக் கட்டை ஒன்றால்தான் முடியும். அது எப்போது வரும்? அதுவரை வருகிற கட்டையை எல்லாம் ஓட்டையை மூடாமல் எங்கேயாவது உட்கார வைக்க வேண்டும். அடுக்கு உயர உயரப் பதற்றம் ஏறுகிறது. கட்டை வந்து இறங்கி நான்கு வரிசையும் ஒரே அடியில் மறையும்போது உடம்பே லேசாகிறது. ஒரு முடிவு, அதன் விளைவு, அடுத்த முடிவு. எல்லாம் ஓரிரு நொடிக்குள். கை பழகப் பழக வேகமும் கூடுவதால் சலிப்புக்கும் இடமில்லை, கைவிட்டுப் போகவும் மனம் வருவதில்லை.

அறிவியலாளர்கள் இதில் இறங்கியது அதிசயமல்ல. கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் ஹேயர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், சில வாரப் பயிற்சிக்குப் பின் ஆடுபவரின் திறன் பல மடங்கு ஏறியது, மூளை எரிக்கும் சர்க்கரையோ குறைந்தது. தேர்ந்த மூளை குறைவாகச் செலவழிக்கிறது. 1994இல் டேவிட் கிர்ஷும் பால் மாக்லியோவும் கவனித்தது எனக்கு இன்னும் பிடித்தது. கட்டையை மனதுக்குள் திருப்பிப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துவார்கள் என்றுதான் நாம் நினைப்போம். நல்ல ஆட்டக்காரர்கள் முதலில் அழுத்தித் திருப்பிவிடுகிறார்கள். திரையில் பார்த்த பிறகே எங்கே வைப்பது என்று முடிவுசெய்கிறார்கள். மனதில் திருப்புவதைவிட அது விரைவானது. யோசிக்கும் வேலையில் பாதியைக் கையே எடுத்துக்கொள்கிறது.

வெகுநேரம் ஆடிவிட்டுப் படுத்தால் கண்ணை மூடியதும் கட்டைகள் விழும். ஆடியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஹார்வர்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் 2000இல் இதையே ஆராய்ந்தார். மறதிநோய் கண்ட ஐந்து பேரையும் ஆட வைத்தார். ஆடியதே அவர்களுக்கு நினைவில்லை. ஆனாலும் மூன்று பேர் உறங்கப் போகும்போது விழும் வடிவங்களைக் கண்டதாகச் சொன்னார்கள். நினைவின் ஒரு பகுதி நமக்குத் தெரியாமலே வேலை செய்கிறது என்பதற்கு ஒரு விளையாட்டு சாட்சியாயிற்று.

மனதை முழுதாகப் பிடித்துக்கொள்கிறது, வேறு எதையும் நினைக்க விடுவதில்லை என்பதுதான் டெட்ரிஸ் மேல் எப்போதும் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு. பொகில்கோவின் நிறுவனத்தில் அதை அழித்ததற்கும் அதுவே காரணம். ஆக்ஸ்ஃபோர்டில் எமிலி ஹோம்ஸ் என்ற உளவியலாளர் அந்தக் குணத்தையே மருந்தாக எடுத்தார். கோர விபத்தைப் பார்த்தவருக்கு அந்தக் காட்சி தானாகவே கண்முன் திரும்பத் திரும்ப வரும். பார்த்த காட்சி நினைவில் இறுகிப் பதிவதற்குச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் மனக்கண்ணுக்கு வேறு கடினமான வேலை கொடுத்துவிட்டால்? 2009இல் அவர் குழு, கோரக் காட்சிகள் கொண்ட படத்தைக் காட்டி, அரைமணி கழித்துச் சிலரை மட்டும் பத்து நிமிடம் டெட்ரிஸ் ஆட வைத்தது. அடுத்த வாரம் முழுவதும் அவர்களுக்கு அந்தக் காட்சிகள் குறைவாகவே வந்தன. நடந்தது என்ன என்று கேட்டால் மற்றவர்களைப் போலவே நினைவாகச் சொன்னார்கள். மறுஆய்வில் வினாடி வினா ஆட்டத்தை வைத்துப் பார்த்தார்கள். தொல்லை குறையவில்லை, கூடவே செய்தது. ஏதோ ஒரு விளையாட்டு என்பது போதாது. கண்ணையும் வடிவத்தையும் பிடிக்கும் விளையாட்டாக இருக்க வேண்டும்.

பிறகு ஆய்வகத்தை விட்டு மருத்துவமனைக்குப் போனார்கள். சாலை விபத்தில் சிக்கி ஆக்ஸ்ஃபோர்டு அவசரப் பிரிவுக்கு வந்த 71 பேரில் ஏறத்தாழப் பாதியினர், விபத்து நடந்து ஆறு மணி நேரத்துக்குள் சுமார் இருபது நிமிடம் டெட்ரிஸ் ஆடினார்கள். முதல் வாரத்தில் அவர்களைத் தொல்லைப்படுத்திய காட்சிகள் மற்றவர்களைவிட 62 சதவீதம் குறைவு. கொரோனா காலத்தில் சாவுகளைப் பார்த்துப் பார்த்துச் சோர்ந்த மருத்துவப் பணியாளர்களிடமும் இந்த முறை சோதிக்கப்பட்டது. அங்கேயும் பலன் தெரிந்தது. வெறுமனே ஆடினால் போதாது. தொந்தரவு தரும் காட்சியை முதலில் ஒரு கணம் மனதில் எடுத்துவரச் சொல்கிறார்கள். பின்பு அடுத்து வரும் கட்டைகளை மனதுக்குள்ளேயே திருப்பித் திருப்பிப் பார்த்து அடுக்கச் சொல்கிறார்கள். பக்கத்தில் வழிகாட்ட ஒருவர் இருக்கிறார்.

பஜித்னோவ் 1991இல் அமெரிக்கா போனார். உரிமை 1996இல் அவரிடம் திரும்பியது. ரோஜர்ஸோடு சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். ஆட்டத்துக்கு முடிவில்லை என்று நாற்பதாண்டு சொல்லிவந்ததும் 2023 டிசம்பரில் அசைந்தது. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுவன், பழைய நின்டெண்டோ பதிப்பில் 157ஆம் நிலைவரை போனான். நிரல் திணறி, திரை உறைந்து நின்றது. அந்தப் பதிப்பில் ஒரு மனிதர் இயந்திரத்தையே தோற்கடித்தது அதுதான் முதல்முறை.

எனக்கு அந்தச் சாதனையைவிட ஆக்ஸ்ஃபோர்டின் இருபது நிமிடம்தான் பெரிதாகத் தெரிகிறது. விபத்தில் அடிபட்டவரையும், அவரைத் தூக்கிவந்த உறவினரையும், 108 வண்டியில் வந்த உதவியாளரையும் நம் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகள் தினமும் பார்க்கின்றன. முறையாகச் சோதித்துப் பார்க்கத் தேவைப்படுவது கையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு போன், பயிற்சி பெற்ற ஒரு செவிலியர், கொஞ்சம் நேரம். நம் மனநல மருத்துவத் துறைகள் இந்த ஆய்வை இங்கேயும் எடுத்துச் செய்ய வேண்டும்.