கோயில் இடாப்புகளில் எஞ்சியிருக்கும் நம்மவர்

தங்கள் பாட்டனாரின் பாட்டனார் யார், எந்த ஊரவர் என்று அறிய வழியுண்டா எனக் கேட்டுப் புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் சிலர் எனக்கு எழுதுவதுண்டு. கேட்பவர் சைவக் குடும்பத்தவராயின் என் விடை அவர்களுக்கு வியப்பளிக்கிறது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணக் குடாநாட்டில் சாதாரண குடியானவர் ஒருவரின் பெயர் எழுத்தில் ஏறியிருந்தால், காணித் தோம்பை விட்டால், அது பெரும்பாலும் ஒரு கிறிஸ்தவ தேவாலயத்தின் இடாப்பாகவே இருந்திருக்கும்.

நம்மவர்க்கு எழுதிவைக்கும் வழக்கம் இல்லாமலில்லை. பிள்ளை பிறந்ததும் நாழிகை கணித்துச் சாதக ஓலை எழுதினார்கள். ஆனால் அது வீட்டுக்குரிய ஓலை. அதற்குரியவர் மறைந்தபின் பேணுவாரற்றுப் போய்விடும். ஓர் ஊரிலுள்ள அனைவரையும் ஒரே புத்தகத்தில் எழுதும் வழக்கம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் 1538 இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தோமஸ் குரொம்வெல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டுமென ஆணையிட்டார். கத்தோலிக்க சபையில் திரெந்து பொதுச்சங்கம் 1563 இல் விவாகப் பதிவைக் கட்டாயமாக்கியது. இரகசியத் திருமணம் செய்துவிட்டுப் பின்னர் மறுப்போரைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் கோயில்களையும் தமதாக்கித் தங்கள் சீர்திருத்த சபைக்கு உரியனவாக்கினர். அவர்களுடன் வந்த பல்தேயு பாதிரியார் 1672 இல் அம்ஸ்ரர்டாமில் வெளியிட்ட நூலில் தெல்லிப்பளை, வட்டுக்கோட்டை, அச்சுவேலி முதலான கோயிற்பற்றுகளை வர்ணித்திருக்கிறார். ஒவ்வொரு கோயிலையும் ஒட்டி ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் உபாத்தியாயரே ஊரின் பதிவுகாரருமானார். அவர் வைத்திருந்த இடாப்புக்குப் பள்ளித் தோம்பு என்று பெயர். தோம்பு என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. இடாப்பை ஒல்லாந்தர் வளர்த்தெடுத்தனர். கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற காலம், விவாகம் என வீடு வீடாக அதில் எழுதினார்கள்.

பாதிரியார் சுற்றுப் பயணத்தில் வரும் நாளில் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் நடக்கும். மணமக்கள் கர்த்தர் கற்பித்த செபத்தையும் பத்துக் கட்டளைகளையும் ஒப்புவிக்க வேண்டும். பதிவில்லாத விவாகம் செல்லுபடியாவது ஐயம். அதிற் பிறந்த பிள்ளையின் முதுசத்துக்கு வழக்கு வரும். அரசாங்க உத்தியோகமும் ஞானஸ்நானம் பெற்றவருக்கே. காணியும் பதவியும் ஒரு புத்தகத்தில் தங்கியிருக்கும்போது யார்தான் அதில் பெயர் எழுதாமல் இருப்பார்கள்? சைவர்கள் எழுதினார்கள். கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்குக் கடுந்தண்டனை இருந்த அக்காலத்தில், மறைந்திருந்து விசுவாசம் காத்த கத்தோலிக்கரும் எழுதினார்கள். 1687 இல் கோவையிலிருந்து, அதாவது போர்த்துக்கேயரின் கோவாவிலிருந்து, மாறுவேடத்தில் வந்த யோசப் வாஸ் அடிகளார் இங்கே கண்டது இத்தகைய மக்களைத்தான்.

இவர்களை வேடதாரிகள் என்று இகழ்ந்து எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதுசக் காணியைக் காப்பாற்ற ஒரு மனிதன் உபாத்தியாயர் முன் நின்று செபம் ஒப்புவித்தான் என்றால், இழுக்கு அவனுடையதன்று. ஆயினும் இன்று அந்த இடாப்பைப் புரட்டுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். ஆட்சி கேட்ட விடையே அதில் எழுதப்பட்டிருக்கிறது. "கிறிஸ்தவர்" என்ற பதிவைக் கண்டு மகிழ்வதும் மருளுவதும் அவசரம். மற்றோர் இடர், ஒல்லாந்த எழுத்துக்கூட்டலில் உருமாறிக் கிடக்கும் தமிழ்ப் பெயர்கள். அவற்றை வாய்விட்டு வாசித்தால்தான் சில வேளை ஆளைப் பிடிக்கலாம். செல்லும் ஈரமும் தின்றவை போக எஞ்சிய தோம்புகள் கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்தில் உள்ளன.

1795 இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கட்டாயம் தளர்ந்தது. புத்தகத்தில் இருந்த சபை கோயிலில் இல்லை என்பது விரைவிலேயே வெளிப்பட்டது. கவனிப்பாரற்றுக் கிடந்த தெல்லிப்பளை, வட்டுக்கோட்டைக் கோயில்களில் 1816 முதல் அமெரிக்க மிஷனரிமார் குடியேறினர். இவர்கள் ஞானஸ்நானத்தின்போது பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பெயர்களைச் சூட்டினர். அவற்றுட் பல, பிள்ளையின் கல்விச் செலவை ஏற்ற, கடல் கடந்த உபகாரிகளின் பெயர்கள். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என்று நம் இலக்கிய வரலாற்றில் வரும் பெயர்களின் முற்பாதி இப்படி வந்ததே. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவர் இந்தக் கறல் விசுவநாதபிள்ளையும், தொல்காப்பிய உரைகளைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் ஆவர். இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். இருவரும் பின்னர் சைவத்துக்கு மீண்டவர்கள். "சைவ மகத்துவம்" எழுதியவரை ஞானஸ்நான இடாப்பை மட்டும் வைத்து எடைபோட்டால் என்னவாகும்?

பிறப்பு இறப்புகளை அரசாங்கமே பதியும் ஏற்பாடு 1867 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. எழுதப்படாதவருக்கு நேரக்கூடியது என்ன என்பதை 1948 காட்டியது. அவ்வாண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. தோட்டத்து லயங்களிற் பிறந்த தலைமுறைகளுக்கு அது எங்கே இருந்தது? மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவராயினர்.

போர்க்காலத்தில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை இழந்தவர்களும், பிறப்பே பதியப்படாதவர்களும் வடக்கில் ஏராளம். காலந்தாழ்த்திய பிறப்புப் பதிவுக்குப் பதிவாளர்கள் ஏற்கும் துணை ஆவணங்களில் ஞானஸ்நானச் சான்றிதழும் ஒன்று. ஒரு பங்குக் குருவானவர் எழுதிய ஒரு வரி, அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் வழி திறந்திருக்கிறது. மரணத்துக்கோ அப்படி ஒரு வரி எளிதிற் கிடைப்பதில்லை. அடக்கம் எழுத உடல் வேண்டும், இடம் வேண்டும், நாள் வேண்டும். 2009 இல் முள்ளிவாய்க்காலில் மாண்ட எத்தனையோ பேருக்கு இம்மூன்றுமில்லை. காணாமற் போனோரின் மரணத்தைப் பதிய 2010 இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தபோது, தேடிக்கொண்டிருந்த தாய்மார் பலர் அப்பத்திரத்தை வாங்க மறுத்தனர். இறந்தார் என்று ஒப்புக்கொள்வதற்கு அது சமம் என்றனர். காணாமற் போனமைக்கான சான்றிதழ் 2016 இல் தான் சட்டமாயிற்று.

தேடப் புறப்படுவோருக்கு ஒரு குறிப்பு. பங்குக் குருவானவருக்கு எழுதும்போது உத்தேச ஆண்டு, ஊர், பெற்றோர் பெயர் ஆகியவற்றுடன் தெரிந்தால் ஞானப்பெற்றோர் பெயரையும் எழுதுங்கள். ஒரே பெயருடைய பலரில் ஒருவரைப் பிரித்தறிய அது உதவும். கத்தோலிக்க இடாப்பாயின் ஓரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 1908 முதல், ஒருவர் எங்கே மணம் முடித்தாலும் அச்செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவிக்கப்பட்டு, அவருடைய பெயருக்கு அருகே ஓரத்தில் எழுதப்பட வேண்டும் என்பது சபையின் விதி. ஆகவே ரொறன்ரோவிலோ பாரிசிலோ கத்தோலிக்க ஆலயத்தில் நடக்கும் விவாகத்தின் செய்தியும் குருநகருக்கோ பேசாலைக்கோ வந்து, அங்குள்ள பழைய புத்தகம் ஒன்றின் ஓரத்தில் ஏறவேண்டும்.