கடல்கோள் கொண்ட வயல்கள்: சிப்பிகாட்டும் உலக ஒழுங்கின் நீதியும்

போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் சிப்பிகாட். அதன் தாழ்நில வயல்கள் பல 2004 டிசம்பர் 26 முதல் உவர்நீரில் மூழ்கிக் கிடக்கின்றன. அன்று காலை 6.28 மணியளவில் சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த 9.1 அளவு நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. பேரலை வடிந்த பின்னரும் ஒவ்வோர் ஓதத்தின்போதும் கடல்நீர் வயலுக்குள் ஏறியது. நெல் விளைந்த இடத்தில் இன்று நீர்ப்பறவைகள் இரை தேடுகின்றன.

'சுனாமி' என்னும் ஜப்பானியச் சொல்லுக்குத் 'துறைமுக அலை' என்பது பொருள். 2004க்கு முன் அச்சொல் தமிழ்ப் பேச்சு வழக்கில் இல்லை எனலாம். 'ஆழிப்பேரலை' பரவலானதும் அதன் பின்னரே. ஆனால், கடல் நிலத்தைக் கொள்வதைச் சுட்டும் 'கடல்கோள்' தமிழ் மரபில் நெடுங்காலமாக வழங்கிவருவது. அலை வந்து மீளும். கோள்பட்ட நிலம் மீளாது. சிப்பிகாட்டில் நிகழ்ந்தது இரண்டும்.

அப்பேரிடர் 14 நாடுகளில் ஏறத்தாழ 2,30,000 உயிர்களைக் கொண்டது. அலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை நேரமிருந்தும் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் எச்சரிக்கை ஏதுமின்றி மாண்டனர். இந்தியப் பெருங்கடலில் ஆழிப்பேரலை அரிது, எனவே எவரும் எதிர்பார்க்கவில்லை என்பது வழமையான விளக்கம்.

அவ்விளக்கம் பாதி உண்மையே. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே நிலநடுக்கம் ஏற்பட்டபோது எழுந்த அலையைச் சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட துறைமுகங்களின் ஓதமானிகள் பதிவு செய்தன. 1941 ஜூன் 26 அன்று அந்தமானிலேயே பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. ஆபத்து அறியப்படாததன்று, அறிவு எச்சரிக்கையாக மாறவில்லை என்பதே உண்மை.

பசிபிக்கில் அது மாறியது. 1946இல் அலூசியத் தீவுகளருகே எழுந்த அலை ஹவாயைத் தாக்கியது. அதன் விளைவாக 1949இல் அமெரிக்கா ஓர் எச்சரிக்கை மையத்தை நிறுவியது. 1960இல் சிலியில் எழுந்த அலை ஜப்பான் வரை சென்று உயிர்களைப் பறித்த பின், 1965இல் யுனெஸ்கோவின் அரசுகளிடைக் கடலியல் ஆணையம் அதனைப் பன்னாட்டு அமைப்பாக்கியது. பசிபிக் கரையின் வறிய நாடுகளும் அதனால் பயன்பெற்றன. ஆயினும், வல்லரசுகளின் கரை எங்கிருந்ததோ அங்குதான் காப்பு முதலில் உருவாயிற்று. 2004இல் ஹவாய் மையம் நிலநடுக்கத்தைச் சில நிமிடங்களில் கண்டறிந்தது. அதன் முதல் அறிக்கை பசிபிக்குக்கு அபாயமில்லை என்றது. அந்நாளில் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கு அத்தகைய அமைப்பே இல்லை.

அணுவெடிப்புகளைக் கண்காணிக்கும் பன்னாட்டு நிலையங்களும் அந்த அதிர்வைப் பதிவு செய்தன. அத்தரவுகளை ஆழிப்பேரலை எச்சரிக்கை மையங்களுக்கு வழங்கும் முடிவு பேரழிவுக்குப் பின்னரே எடுக்கப்பட்டது.

1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் இதற்கான அளவுகோல் உள்ளது. அறிவியல் முன்னேற்றத்தின் பயன்களில் பங்குகொள்ளும் உரிமையை உறுப்பு 27 கூறுகிறது. பிரகடனத்தின் உரிமைகள் முழுமையாக நிறைவேறத்தக்க சமூக, பன்னாட்டு ஒழுங்கு ஒவ்வொருவருக்கும் உரியது என்கிறது உறுப்பு 28. நாகப்பட்டினத்து மீனவருக்கு உயிர்வாழும் உரிமையைத் தம் அரசு மட்டும் உறுதிசெய்துவிட முடியாது. சுமத்திராவின் அதிர்வு குறித்த தரவு எல்லைகளைக் கடந்து வர வேண்டும். உறுப்பு 28இன் நடைமுறைப் பொருள் இதுதான்.

2005இல் அக்கடலியல் ஆணையம் இந்தியப் பெருங்கடலுக்கான அமைப்பைத் தோற்றுவித்தது. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்திய மையம் செயல்படத் தொடங்கியது. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்றும் வட்டார நாடுகளுக்கு எச்சரிக்கைத் தகவல் வழங்குகின்றன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டபோது சில நிமிடங்களிலேயே அறிக்கைகள் வெளியாயின. உதவி பெறும் நாடுகளாகக் கருதப்பட்டவை தாமே அறிவை ஆக்கி அண்டை நாடுகளுக்கு வழங்குவது, நேர்மையான உலக ஒழுங்குக்குச் சிறியதெனினும் உண்மையான சான்று.

அதே 2011 செப்டம்பரில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை 18/6 தீர்மானத்தின் வழி, மக்களாட்சித் தன்மையும் சமத்துவமும் கொண்ட பன்னாட்டு ஒழுங்கை வளர்ப்பதற்கெனத் தனி வல்லுநர் பதவியை ஏற்படுத்தியது. அத்தீர்மானம் ஒருமனதாக நிறைவேறவில்லை, வாக்கெடுப்பு தேவைப்பட்டது. உலக ஒழுங்கை மனித உரிமைப் பொருளாகக் கொள்வதிலேயே நாடுகளிடையே உடன்பாடு இல்லை என்பதை அது காட்டுகிறது.

எச்சரிக்கை உயிரைக் காக்கும், நிலத்தைக் காக்காது. பேரிடரால் இடம்பெயர்ந்தோரின் உடைமையை மீட்டுத் தரவும், இயலாவிடில் இழப்பீடு பெறத் துணைநிற்கவும் 1998ஆம் ஆண்டின் ஐ.நா. வழிகாட்டு நெறிகள் அரசுகளை வலியுறுத்துகின்றன. அவை உடன்படிக்கை அல்ல. தம்மளவில் அரசுகளைக் கட்டுப்படுத்துவனவும் அல்ல. கடல்மட்டம் உயர்ந்துவரும் காலத்தில் சிப்பிகாட்டின் நிலை தாழ்ந்த கரைகள் பலவற்றுக்கும் நேரக்கூடும். அலைக்கு எதிராக நாடுகள் கூடி ஓர் அமைப்பைக் கண்டன. கடல்கோளுக்கு அதற்கு இணையான அமைப்பு இன்னும் உருவாகவில்லை.