மாலப்ராபிசம்

ஒலியில் நெருங்கியும் பொருளில் வெகுதூரம் விலகியும் நிற்கும் ஒரு சொல்லை, உரிய சொல்லின் ஸ்தானத்தில், அதுவும் மிகுந்த பாண்டித்தியத் தோரணையுடன் பிரயோகித்து நகைப்புக்கு இடமாவதையே ஆங்கில இலக்கிய ஆசிரியர்கள் மாலப்ராபிசம் என்பர். 'சந்தர்ப்பத்துக்குப் பொருந்தாதது' என்று பொருள்படும் 'மல் ஆ ப்ரொப்போ' என்னும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து, 1775 ஜனவரியில் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பெற்ற 'தி ரைவல்ஸ்' நாடகத்தின் ஸ்ரீமதி மாலப்ராப் என்ற பாத்திரத்துக்கு ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடன் பெயர் சமைத்தார். அப்பெயரே பிற்காலத்தில் கலைச்சொல்லாயிற்று. 'அலிகேட்டர்' என்னும் முதலையைக் கருதிய அவ்வம்மாள், உருவகக் கதையைக் குறிக்கும் 'அலெகரி'யை நைல் நதிக்கரையில் உலவவிட்டது பிரசித்தம். (நைலில் வாழ்வது குரோக்கடைலேயன்றி அலிகேட்டர் அன்று, ஆகவே திருத்தினாலும் அவ்வாக்கியம் திருந்தாது!) இவ்வகைப் பிழையை நாடகமேடையில் ஏற்றியதில் ஷெரிடன் முதல்வர் அல்லர்; ஷேக்ஸ்பியரின் 'மச் அடூ அபவுட் நத்திங்' நாடகத்துக் காவல் அதிகாரி டாக்பெரி இவ்வித்தையில் அவ்வம்மாளுக்கு மூத்தவன். இரு சொற்களின் முதலொலிகள் வாய்தவறித் தம்முள் இடம்மாறும் ஸ்பூனரிசம் முற்றிலும் வேறு. மாணவர்கள் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளலாகாது.