காண்டலும் கருதலும்: தமிழகத்திலிருந்து தொலைக்கோள்களை நோக்கிய வரலாறு

சாத்தூரை அடுத்த இருக்கன்குடியில் அருச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகின்றன. நிலவில்லாத இரவில் அவ்வாற்று மணலில் நின்று வானை நோக்குவார்க்கு வெள்ளியும் செவ்வாயும் வியாழனும் சனியும் அவ்வவற்றின் காலத்தில் வெறுங்கண்ணுக்கே புலனாகும். கையில் இரட்டைக்குழல் தொலைநோக்கி ஒன்று இருப்பின் வியாழனைச் சூழ்ந்த நான்கு பெருந்துணைக்கோள்களும் தோன்றும். இடமறிந்து தேடினால் யுரேனசும் ஓர் ஒளிப்புள்ளியாகப் புலப்படும். ஆயின் சனியின் வளையத்தை அச்சிறு கருவி பிரித்துக் காட்டாது. கோள் சற்று நீண்டது போலத் தோன்றும், அவ்வளவே. கண்டது ஒன்று, அதற்கு நாம் இடும் பெயர் மற்றொன்று என்னும் உண்மை ஈண்டே விளங்குகிறது.

யுரேனசின் வளையங்கள் தமிழ்நாட்டிற் கண்டுபிடிக்கப்பட்டவை எனக் கூறுவார் உளர். அவ்வரலாற்றில் தமிழ்நாட்டின் பெயரையே குறியாது செல்வாரும் உளர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். காண்டல், கருதல், உரை எனச் சிவஞான சித்தியார் கூறும் மூன்று அளவைகளும் இவ்வாராய்ச்சிக்குத் துணைபுரியும்.

உரையும் காண்டலும்

நம் முன்னோர்க்குச் சனியே கோள்களின் எல்லை. புறநானூறு அதனை மைம்மீன் என்கிறது. அதற்கப்பால் உள்ள யுரேனசுக்கும் நெப்டியூனுக்கும் பழந்தமிழில் பெயரில்லை. அவை தொலைநோக்கி தந்த கோள்கள். எனினும் கருவியின்றியே வானைக் கணிக்கும் முறை இங்கு நெடுங்காலம் வழங்கிற்று. வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்களை மனனம் செய்து திங்களின் நிலையைக் கணித்தனர். வாக்கிய பஞ்சாங்கம் என்னும் பெயரே அது வழிவழி வந்த உரையைச் சார்ந்தது என்பதைக் காட்டும்.

1792-இல் சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியாரின் வானாய்வுக்கூடம் அமைந்தது. அங்கு நார்மன் போக்சன் 1861 ஏப்பிரல் 17-இல் ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியாவிலிருந்து முதன்முதற் கண்டறியப்பட்டமையின் அது 'ஆசியா' எனப் பெயர் பெற்றது. அக்கூடத்தில் துணைவராக விளங்கியவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867-இல் கண்டறிந்த இவர், 1872-இல் இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினரானார். அப்பெருமை பெற்ற முதல் இந்தியர் இவரே. 1874 திசம்பர் 9-இல் வெள்ளி ஞாயிற்றின் குறுக்கே கடந்தபோது, அந்நிகழ்ச்சியை விளக்கி முன்னரே நூல் வெளியிட்டு, அதனை இந்திய மொழிகளிலும் பரப்ப முயன்றார்.

இவர் வேண்டிய பஞ்சாங்கம் திருக்கணிதம். இச்சொல்லின் முதற்பகுதியைத் 'திரு' எனப் பிரித்து மங்கலப் பொருள் கொள்வார் உளர், அது பிழை. திருக் என்பது பார்வையைக் குறிக்கும் வடசொல்லின் தமிழ் வடிவம். பார்வையோடு ஒத்துவரும் கணிதம் என்பதே பொருள். எனவே வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கப் பூசலை, உரைக்கும் காண்டலுக்கும் இடையே நிகழ்ந்த வழக்கு எனலாம்.

காண்டலும் பெயரும்

காண்டல் வந்தவுடன் உண்மை முழுதும் வந்துவிடுவதில்லை. 1610-இல் கலிலியோ சனியை நோக்கி, அது மூன்று உடல்களின் சேர்க்கை என எண்ணினார். அது வளையம் என 1659-இல் விளக்கியவர் ஐகன்சு. 1612-இலும் 1613-இலும் கலிலியோவின் கருவியில் நெப்டியூன் அகப்பட்டது. அவர் அதனை விண்மீனாகவே குறித்தார். 1781 மார்ச்சு 13-இல் யுரேனசைக் கண்ட வில்லியம் எர்செல் அதனை வால்மீன் என்றே அறிவித்தார். கோள் என்பது பின்னர் அதன் பாதையைக் கணித்தமையால் துணியப்பட்டது. நெப்டியூனின் வரலாறோ இதற்கு மறுதலை. அங்குக் கருதல் முந்திற்று. யுரேனசின் போக்கில் இருந்த பிறழ்ச்சி கொண்டு இலெவெரியர் இடத்தைக் கணித்துரைக்க, 1846 செப்டம்பர் 23-இல் பெர்லினில் காலே அதனைக் கண்டார்.

காவலூர்ச் சான்று

சவ்வாது மலையில் உள்ள காவலூரில் வைணு பாப்புவின் முயற்சியால் 1968-இல் வானாய்வு தொடங்கிற்று. 1972-இல் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி அங்கு நிறுவப்பட்டது. 1977 மார்ச்சு 10-இல் யுரேனசு ஒரு விண்மீனை நெருங்கி மறைக்க இருந்தது. அதனை ஆராய சே. சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் அக்கருவியில் ஒளியளவி பொருத்தி நோக்கினர். விண்மீன் கோளின் வட்டத்துக்கு வெளியே நின்றபோதே அதன் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. இடையே ஏதோ ஒரு பொருள் குறுக்கிட்டது என்பது தெளிவாயிற்று. அது யுரேனசின் புதிய துணைக்கோள் ஆகலாம் எனக் கருதி 'நேச்சர்' இதழில் அறிவித்தனர்.

அதே நிகழ்ச்சியைச் சேம்சு எலியட்டும் அவர்தம் குழுவினரும் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த கைப்பர் வானூர்தித் தொலைநோக்கியால் பதிந்தனர். அவர்கள் பதிவில் கோளின் இருபுறத்தும் ஒளி மங்குதல் ஒத்த தொலைவுகளில் பலமுறை காணப்பட்டது. துணைக்கோளாயின் ஒரு புறமே மறைக்கும். இருபுறமும் ஒப்ப மறைப்பது கோளைச் சூழ்ந்த வளையமே. காவலூர்ப் பதிவையும் மீள ஆராய்ந்து, வளையத் தொகுதியின் குறிகள் அதில் உள்ளமையைப் பட்டாச்சாரியாவும் பாப்புவும் அவ்வாண்டிலேயே வெளியிட்டனர். 1986 சனவரி 24-இல் யுரேனசை அணுகிய வாயேசர் 2 அவ்வளையங்களைப் படமெடுத்து அனுப்பிற்று. இன்று 13 வளையங்கள் அறியப்பட்டுள்ளன.

முடிவுரை

இவற்றால் பெறப்படுவது யாது? வளையம் எனத் துணிந்த பெருமை எலியட் குழுவினர்க்கே உரியது. அதனை நமதாக்கிக் கொள்வது வரலாறு அன்று. ஆயின் அவ்விரவில், பிறர் துணையின்றி, ஒளி மங்கியதைக் கண்டு பதிந்த காண்டல் காவலூர்க்கு உரியது. முதற் பெயர் பிழைத்தது என்பதால் அக்காண்டல் பொய்யாகாது. வால்மீன் என்றமையால் எர்செலை யாரும் ஒதுக்கவில்லை. அவர்க்கு அளித்த நீதியைக் காவலூரார்க்கும் அளித்தல் முறையாகும்.

இம்முறை வானியலுக்கு மட்டும் உரியதன்று. சங்கச் செய்யுட்களில் கோள்களைப் பற்றி வரும் குறிப்புகளை ஆராயும் மாணவர், புலவர் கண்டது இது, உரையாசிரியர் கருதியது இது, பின்னையோர் கேட்டு உரைத்தது இது எனப் பகுத்தறிதல் வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் கலப்பின் பழமைக்கு நாம் பெருமை சேர்த்தவர் ஆகோம். அதன் உண்மையை இழந்தவரே ஆவோம்.