பாராடாங்கில் பாலின வன்முறைப் புகார்களும் அலுவலர் பயிற்சியும்

தெற்கு அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையில் உள்ள தீவு பாராடாங். இது வடக்கு, நடு அந்தமான் மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டத் தலைமையிடம் மாயாபந்தர். வெளியூர்க்காரர்கள் இத்தீவைச் சுண்ணாம்புக் குகைகளுக்காகவும் சேற்று எரிமலைக்காகவும் அறிவார்கள். காட்டு வேலைக்காகச் சோட்டா நாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ராஞ்சி மக்களின் சந்ததியினர் இங்கு வாழ்கிறார்கள். நீரிணைக்கு அப்பால் ஜாரவா பழங்குடியினரின் காப்பகம்.

பெண்கள் மீதான வன்முறையைக் கையாளும் அலுவலருக்கு இங்கே முதல் சிக்கல் தூரம்தான். போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சாலைவழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். மிடில் ஸ்ட்ரெய்ட்டில் ஃபெர்ரி ஏறிக் கடக்க வேண்டும். அப்பால் ஜிர்காடாங் வரையிலான காப்பகப் பாதையில், குறித்த நேரங்களில் போலீஸ் காவலுடன் கிளம்பும் வாகன வரிசையில்தான் போக முடியும். பாலியல் வன்புணர்வுக்கு ஆளானவரைத் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள், அவர் சம்மதத்துடன், மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 184ஆம் பிரிவு. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று காத்திருந்தால் ஒரு பகல் போய்விடும். ஆகவே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே பரிசோதனை செய்து தடயம் சேகரிக்கத் தெரிந்திருப்பது அவசியம். ‘இரு விரல் சோதனை’யை உச்ச நீதிமன்றம் 2013இல் கண்டித்தது; 2022இல் அதைச் செய்பவர் மீது ஒழுங்கு நடவடிக்கை உண்டு என்றே சொன்னது. இதை ஒவ்வொரு மருத்துவருக்கும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வேலையிடத் துன்புறுத்தலுக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு அமைக்கச் சொல்கிறது. பாராடாங்கின் உணவகம், கடை, படகுத் தொழிலில் பெரும்பாலும் அத்தனை பேர் இருப்பதில்லை. அங்கே வேலை செய்யும் பெண் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம்தான் போக வேண்டும். மாயாபந்தர் எங்கே, அவர் எங்கே! இதை உத்தேசித்தே சட்டம் வட்ட அளவில் ஒரு பொறுப்பு அலுவலரை வைக்கச் சொல்கிறது. அவர் புகாரை வாங்கி ஏழு நாளில் குழுவுக்கு அனுப்ப வேண்டும். எழுத முடியாதவர் என்றால் எழுதிக்கொடுக்க உதவுவது குழுவின் சட்டக் கடமை. சமரசம் புகார்தாரர் கேட்டால் மட்டுமே. பணம் வாங்கிக்கொண்டு முடிப்பது கூடவே கூடாது. எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்த சிறு தீவில், “பேசித் தீர்த்துக்கோங்க” என்ற சொல்லே பாதிப் புகார்களைப் புதைத்துவிடும். பயிற்சியில் அதிக நேரம் இதற்கே ஒதுக்கத் தகும்.

புகார் கொடுக்கவே வர முடியாதவர்கள் ஜாரவாப் பெண்கள். 2012 ஜனவரியில் லண்டனின் ‘அப்சர்வர்’ இதழ் ஒரு காணொளியை வெளியிட்டது. சுற்றுலாப் பயணிகள் முன் ஜாரவாப் பெண்கள் ஆட வைக்கப்பட்டதை அது காட்டியது. பாதுகாக்க வேண்டிய போலீஸ்காரருக்கே அதில் பங்கு இருந்ததாக அந்த இதழ் எழுதியது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுற்றுலாப் பயணிகளுக்குக் காப்பகத்தின் ஊடான சாலையை இடைக்காலமாக மூடியது; மார்ச்சில் தடை விலகியது. மனு எழுதவும் நிலையத்துக்கு வரவும் பழகாத, மொழியால் தனித்த ஒரு சமூகத்திடம் ‘புகார் வரவில்லை’ என்று சொல்வது பதிலாகாது. அலுவலரே கவனித்து, தானே தகவல் பதிந்து, ஜாரவா மொழி பேசத் தெரிந்த பழங்குடி நலப் பணியாளரை உடன் வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும். உடல், மன ஊனமுற்ற பெண்களின் புகாரை அவர்கள் வீட்டிலேயே மொழிபெயர்ப்பாளருடன் பதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு வழி செய்கிறது. மொழி தெரியாத இடத்திலும் அதே அக்கறை வேண்டும்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமையைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் புகாரைப் பதியும் கடமையை மிக நுணுக்கமாகச் சொல்கிறது. வாய்மொழியாகச் சொன்னதை எழுதியபின் அதைப் படித்துக் காட்டிய பிறகே கையொப்பமோ கைநாட்டோ வாங்க வேண்டும். நகலும் கொடுக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியர் வேண்டுமென்றே இதைச் செய்யத் தவறினால், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு போலீசாருக்கும் நீதித்துறையினருக்கும் அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி தர அரசைக் கட்டாயப்படுத்துகிறது. ‘அவ்வப்போது’ என்பதற்கு இந்தத் தீவில் கூடுதல் அவசரம் உண்டு. பணியிட மாற்றத்தில் அலுவலர் போய்விட்டால் அவர் கற்றதும் கூடவே கப்பலேறிவிடும். பொறுப்பேற்கும் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே இப்பயிற்சியைப் பெறுவதும், வட்டப் பொறுப்பு அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஃபெர்ரித் துறையில் இந்தி, வங்காளம், தமிழ் ஆகிய மொழிகளில் எழுதி வைக்கப்படுவதும் உடனே செய்யக்கூடியவை.