புதிய காபெற் வீதியில் மேடு எங்கிருந்து வருகிறது?

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை செல்லும் ஏ9 வீதி, மாத்தளையைத் தாண்டியதும் பலாபத்வலச் சந்தியைத் தொடுகிறது. கலேவெல வீதி பிரிவது இங்கேதான். அதன் பிறகு நாலந்தை வழியாகத் தம்புள்ளைக்குச் சரிந்து இறங்குகிறது. 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மூடி, போர் முடிந்தபின் மீண்டும் திறந்த அதே வீதிதான்.

போருக்குப் பின் வடக்கில் போட்ட காபெற் வீதிகள் பலவற்றுக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. வெடிப்புகள் தெரியும் வயது இது. வெடிப்பை அடைக்காமல் விட்டால் மழைநீர் கீழே இறங்கி அத்திவாரத்தை இளக்கும், பிறகு குழி விழும். ஆகவே இறப்பர் கலந்த தாரைக் காய்ச்சி ஊற்றி அடைக்கிறார்கள். இது நல்ல வேலைதான். அடைத்த கையோடு அதன் மேலேயே புதிய காபெற் போடும்போதுதான் சிக்கல் வருகிறது.

புதிய கலவை ஏறக்குறைய 140 பாகை செல்சியஸ் சூட்டில் வந்து விழும். அந்தச் சூட்டில் அடைத்த தார் இளகி, விரிந்து, மேலே தள்ளும். இரும்பு றோலர் அதன் மேல் ஏறும்போது அடியில் பிடிமானம் இல்லாததால் கலவை முன்னுக்கு வழுக்கி, வெடிப்புக்குச் சற்று அப்பால் குறுக்கு வரம்பாகத் திரளும். பின்னால் மயிரிழை போல ஒரு கீறலும் விழும். மேட்டை அமுக்குவதாக நினைத்துத் திரும்பத் திரும்ப உருட்டினால் அது இன்னும் வளரும். மெல்லிய காபெற்றிலும், பலாபத்வலவுக்கு வடக்கே உள்ளது போன்ற இறக்கத்திலும், அதிர்வு போட்டு உருட்டும்போதும் இது கூடுதலாக நடக்கும்.

காரில் போகிறவருக்கு அது ஒரு சின்னத் தட்டல். முள்ளந்தண்டில் ஷெல் துண்டோடு வாழ்பவருக்கும், அம்புலன்சில் படுத்திருப்பவருக்கும் அப்படியல்ல.

தவிர்ப்பது கடினமில்லை. காபெற் போடுவதற்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்னதாகவே வெடிப்பை அடைத்துவிட்டால் தார் இறுகிவிடும். வெடிப்பை விளிம்பு வரை நிரப்பாமல் சில மில்லிமீற்றர் தாழ்வாக விடவேண்டும். மேலே பட்டி போலப் பூசி விடுவதுதான் அதிகம் கெடுக்கிறது, பார்ப்பதற்கு வேலை முடிந்தது போல் இருந்தாலும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்தால் அந்தப் பட்டியும் போய்விடும். மட்டப்படுத்தும் படை ஒன்றை முதலில் போடுவதும், அதிர்வை நிறுத்தி உருட்டுவதும் உதவும்.

உங்கள் ஊர் வீதியில் கறுப்புக் கோடுகள் பளபளவென்று புதிதாகத் தெரிய, மறுவாரமே காபெற் இயந்திரம் வந்து நின்றால், வெடிப்பு எப்போது அடைக்கப்பட்டது என்று மேற்பார்வை செய்பவரிடம் கேளுங்கள். வேலை முடிந்ததும் மூன்று மீற்றர் நேர்கோலை வீதியின் நீளவாக்கில் வைத்துக் கீழே உள்ள இடைவெளியை அளக்கச் சொல்லலாம். ஒப்பந்தக்காரரின் பொறுப்புக் காலம் முடிவதற்குள் கேட்டால்தான் திருத்துவது அவர் செலவில் நடக்கும்.