இணையக் குற்றவாளிகளை நாடு கடத்தல்

ஒரு நாட்டில் இருந்துகொண்டு வேறொரு நாட்டின் கணினிகளையோ வங்கிக் கணக்குகளையோ தாக்கியவரை, பாதிக்கப்பட்ட நாட்டின் நீதிமன்ற விசாரணைக்கு ஒப்படைக்கும் சட்ட நடைமுறை இது. இரு நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் இருந்தால் மட்டும் பெரும்பாலும் போதாது. அந்தச் செயல் இரு நாட்டுச் சட்டங்களிலும் குற்றமாக இருக்க வேண்டும். இதற்கு இரட்டைக் குற்றத்தன்மை என்று பெயர்.

2000 மே 4 அன்று மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ் இந்த விதியைச் சோதித்தது. காதல் கடிதம்போல் வந்த மின்னஞ்சல் இணைப்பைத் திறந்தால் படக் கோப்புகள் அழிந்தன. முகவரிப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் அதே கடிதம் தானாகவே போய்ச் சேர்ந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் மின்னஞ்சல் சேவையையே நிறுத்த நேர்ந்தது. ஓனெல் டி கூஸ்மன் என்ற கணினி மாணவர் மீது சந்தேகம் விழுந்தது. ஆனால் வைரஸ் பரப்புவதைக் குற்றமாக்கும் சட்டம் அன்று பிலிப்பைன்ஸில் இல்லை. அமெரிக்காவுடன் ஒப்பந்தம் இருந்தும் அவரை ஒப்படைக்க வழியில்லை. கடன் அட்டை மோசடிச் சட்டத்தின் கீழ் தொடரப்பட்ட வழக்கும் ஆகஸ்டில் கைவிடப்பட்டது. இத்தகைய செயலைக் குற்றமாக்கி ஜூனில் இயற்றிய மின்வணிகச் சட்டத்தை மே மாதச் செயலுக்குப் பொருத்த முடியாது. அது சரியே: செய்த நாளில் குற்றமாக இல்லாத ஒன்றுக்குப் பிறகு தண்டனை தருவது அநீதி. தவறு, சட்டம் இயற்றத் தாமதித்தவர்களுடையது. 2020இல் டி கூஸ்மனே அந்த வைரஸை உருவாக்கியதை ஒப்புக்கொண்டார்.

சில நாடுகள் சொந்தக் குடிமக்களை ஒப்படைப்பதே இல்லை. ரஷ்ய அரசியலமைப்பு அதை வெளிப்படையாகத் தடுக்கிறது. எனவே சந்தேக நபர் வெளிநாடு செல்லும் நாளுக்காகக் காவல்துறை காத்திருக்கும். கடன் அட்டைத் தகவல்களைத் திருடி விற்ற ரஷ்யர் ரோமன் செலெஸ்னியோவ், 2014 ஜூலையில் மாலத்தீவில் விடுமுறையில் இருந்தபோது பிடிபட்டார். அமெரிக்காவுக்கும் மாலத்தீவுக்கும் ஒப்படைப்பு ஒப்பந்தம் இல்லாதபோதும் அவர் விமானத்தில் அமெரிக்க ஆட்சிப் பகுதியான குவாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அந்தக் கைது சட்டபூர்வமானதல்ல என்று ரஷ்யா கடுமையாக எதிர்த்தது. 2017இல் அவருக்கு 27 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் கைதிகள் பரிமாற்றத்தில் அவர் ரஷ்யா திரும்பினார்.

ஒப்படைப்பை மனித உரிமைக் காரணங்களும் தடுக்கலாம். பிரிட்டனின் கேரி மெக்கினன் அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் நுழைந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர். அவரது உடல்நிலையைக் காரணம் காட்டி 2012இல் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் ஒப்படைப்பைத் தடுத்தார். மனித உரிமைக்கு இடம் தராத ஒப்படைப்பு நீதியாகாது என்பதால் இம்முடிவு முக்கியமானது.

பிலிப்பைன்ஸில் வெளிப்பட்டது போன்ற சட்ட இடைவெளியை அடைக்க வந்தது 2001இன் புடாபெஸ்ட் உடன்படிக்கை. எவையெவை இணையக் குற்றங்கள் என்பதை உறுப்பு நாடுகள் ஒரே மாதிரி சட்டமாக்க இது வழிசெய்கிறது. பிலிப்பைன்ஸ் 2018இல் சேர்ந்தது. இலங்கை அதற்கு முன்பே, 2015இல் சேர்ந்துவிட்டது. உடன்படிக்கையை வரைந்ததில் தனக்குப் பங்கில்லை என்பதை முன்வைத்து இந்தியா விலகியே நிற்கிறது.